படிகாரமும் வேதியியலும்

அரபியில் 'ஷப்பு' என வழங்கும் பொருளே நம் தமிழில் படிகாரம். கலங்கிய நீரைத் தெளிவிக்கவும், மழித்த முகத்தில் தடவவும் பயன்படும் இந்த மலிவான வெண்கல், இன்று கரிம வேதியியலில் கடும் அமிலத்தின் பணியை ஏற்றுச் செய்கிறது. அதன் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

கி.பி. 925 அளவில் மறைந்த அறிஞர் அபூபக்ர் அர்ராஸீ, 'கிதாபுல் அஸ்ரார்' என்னும் நூலில் கனிமப் பொருள்களை ஆறு வகையாகப் பகுத்தார். படிகாரத்தை அவர் 'அம்லாஹ்' எனும் உப்புகளோடு வைக்கவில்லை. அன்னபேதி முதலியவை அடங்கிய 'ஜாஜாத்' எனும் வகையிலேயே வைத்தார். அன்னபேதியும் படிகாரமும் கந்தக அமிலத்தின் வழிவந்த சல்பேட்டுகளே என்பதைப் பின்னாளைய வேதியியல் மெய்ப்பித்தது. அமிலத்தின் உறவை அவருடைய வகைப்பாடு முன்னரே தொட்டிருந்தது எனலாம்.

சாயத்தைத் துணியில் நிலைக்கச் செய்வதால் படிகாரம் அரசுகள் போட்டியிட்ட பண்டமாகவும் விளங்கியது. ஜெனோவா நகரத்தார் வசமிருந்த ஃபோசியாவின் படிகாரச் சுரங்கங்கள் 1455இல் உஸ்மானியர் கைக்கு வந்தன. சில ஆண்டுகளில் இத்தாலியின் தோல்ஃபாவில் படிகாரக் கல் கிடைக்கவே, போப்பின் அரசு அதனால் பெரும் வருவாய் கண்டது.

1883இல் ஜெர்மானியரான பெக்மன், பீனாலிலிருந்து கூமரின் சேர்மங்களை ஆக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு அடர் கந்தக அமிலம் மிகுதியாகத் தேவைப்பட்டது. அது கலத்தை அரிக்கும், தோலைச் சுடும், பின்னர் அதனை நடுநிலையாக்கும்போது கழிவும் பெருகும். 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈரானிய வேதியியலார் இத்தகைய வினைகளில் படிகாரத்தை வினையூக்கியாக இட்டு வெற்றி கண்டனர். அர்ராஸீ பிறந்த ரய் நகரும் அந்நாட்டதே. படிகாரத்திலுள்ள அலுமினிய அயனி, கரிமப் பொருளின் ஆக்சிஜனிலுள்ள எலெக்ட்ரான்களைத் தன்பால் ஈர்க்கிறது. அதனால் அப்பொருள் பிறிதொன்றோடு எளிதில் இணைகிறது. படிகாரமோ செலவழிவதில்லை, பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

எனினும், மலிவான ஊக்கியை இட்டதனாலேயே ஒரு வினை தூயதாகிவிடாது. கரைப்பானையும் வெப்பத்தையும் கழிவையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 1998இல் அனஸ்டாஸும் வார்னரும் வெளியிட்ட பசுமை வேதியியலின் 12 நெறிகள் வலியுறுத்துவதும் இதுவே. அந்தக் கணக்கிலும் படிகாரம் பல வினைகளில் தேறி நிற்கிறது. கடைத்தெருவில் எளிதாய்க் கிடைப்பதைக் கல்விக்கூடம் புறக்கணிக்கலாகாது என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் படிப்பினை.