ஆலய முற்றமும் கல்வராயன் மலையும்

நம் ஆலயத்தின் சுற்றுச்சுவர் வேலை சென்ற மழைக்காலத்துக்கு முன் முடிந்தது. முற்றத்தில் செடி வைத்து அழகு செய்ய வேண்டுமென்று அன்பியத்தார் ஒருமனதாகக் கேட்க, நல்லவர் ஒருவர் நாற்றுப் பண்ணையிலிருந்து ஒரு வண்டி நிறையச் செடிகளை அனுப்பி வைத்தார். கறுப்புப் பைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகள் வந்திறங்கின. பெயர்ச்சீட்டு கட்டியிருந்தவை நான்கைந்துதான். அவற்றிலொன்றில் 'அசோகா' என்றிருந்தது. "எதை எங்கே வைக்கலாம் சாமி?" என்று வேதியர் கேட்டார். நமக்கு உடனே விடை சொல்ல அச்சமாயிருந்தது.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நாம் பணியாற்றியபோது, ஆடுமாடு கடிக்காத வேலி ஒன்று வேண்டுமென்று கேட்டோம். மஞ்சள் பூப்பூக்கும் செடி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே ஆண்டில் அடர்ந்து வளர்ந்தது, ஊரே மெச்சியது. திருவிழாவுக்கு முன்னர் அதைக் கத்தரித்து, வெட்டிய கிளைகளைச் சுவருக்கு வெளியே போடச் சொன்னோம். பச்சையாக நின்றபோது எந்த ஆடும் வாய் வைக்காத அந்த இலையை, வாடிக் கிடந்தபோது ஒரு கைம்பெண்ணின் இரண்டு ஆடுகள் தின்றுவிட்டன. மறுநாள் காலை இரண்டும் செத்துக் கிடந்தன. அது பொன்னரளி. வெப்ப அமெரிக்காவைச் சார்ந்த அந்தச் செடியின் இலை, பட்டை, விதை அனைத்திலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆடு கடிக்காத செடியைக் கேட்டு வாங்கிய நாம், ஏன் கடிப்பதில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டின் விலையைக் கொடுத்தோம். அந்த அம்மா வாங்கிக்கொண்டு, "தெரியாம நடந்ததுதானே சாமி" என்றார். அந்தச் சொல் இன்றும் நம்மை விட்டபாடில்லை.

அன்றிலிருந்து பெயர் தெரியாத எதையும் நடுவதில்லை என்று முடிவு செய்தோம். ஆனால் பெயரை எவ்வாறு அறிவது? இந்த மண்ணில் நமக்கு முன்னே அக்கல்வியைப் பயின்றவர்கள் எவர் என்று தேடியதில் கிடைத்த செய்திகளை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

தமிழருக்கு இது புதிய கல்வியன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மலைச்சாரலில் விளையாடும் பெண்கள் பறித்துக் குவிக்கும் பூக்கள் தொண்ணூற்றொன்பது பெயர் சொல்லி அடுக்கப்பட்டுள்ளன. அத்தனை பூவையும் பிரித்தறியும் கண் இங்கே இருந்தது. பிற்காலத்தில் அந்தக் கண் வைத்தியர்களிடமும் மலைமக்களிடமும் தங்கிவிட, படித்தவர்களாகிய நம்மிடம் பெயர்கள் மட்டும் எஞ்சின. கோங்கு என்று தேர்வில் எழுதினோம். கோங்க மரத்தடியில் நின்றபோது அதை அறிந்தோமில்லை.

ஐரோப்பிய முறையிலான தாவரக் கல்வி தமிழகக் கடற்கரையில் வேரூன்றியது தரங்கம்பாடியில். லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொற்களால் ஆன பெயர் வழங்கும் முறையை 1753ஆம் ஆண்டு நூலில் நிலைநாட்டினார். அவரிடம் பயின்ற கேனிக் என்பவர் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். பிற்பாடு ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராகப் பணிபுரிந்து 1785இல் மறைந்தார். நம் வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் 'கேனிகியை' என்று இன்றும் அவர் பெயர் நிற்கிறது. நாள்தோறும் தாளிக்கும்போது நம் இல்லத்தரசிகள் கையில் எடுப்பது கேனிக்கின் இலையைத்தான்! அவரைச் சுற்றி அங்கிருந்த மறைப்பணியாளர்களும் செடி சேகரிக்கத் தொடங்கினார்கள். அவர்களுள் ராட்லர் குறிப்பிடத்தக்கவர். ஒரு கையால் தமிழ் - ஆங்கில அகராதியைத் தொகுத்துக்கொண்டே மறு கையால் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிவந்தார். 1836இல் சென்னையில் காலமானார். அவர் சேர்த்த தாவரத் தாள்கள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தைச் சென்றடைந்தன. இவர்கள் நம் திருச்சபையினர் அல்லர், லூத்தரன் சபையினர். ஆயினும் சொல்லையும் செடியையும் ஒரே பொறுமையோடு தொகுத்த அந்த முதியவர் மீது நமக்குத் தனி மதிப்பு உண்டு.

செடிகளின் பெயர்கள் இங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற அதே காலத்தில் கப்பல்கள் வேற்று நாட்டுச் செடிகளை இங்கே கொண்டுவந்தன. ஆலய வளாகத்தில் நிற்பவற்றை எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கும். கோடையில் தீயெனப் பூக்கும் மயில்கொன்றை மடகாஸ்கர் தீவின் மரம். கல்லறைத் தோட்டங்களில் பால் வடியும் கிளைகளோடு நிற்கும் ஈழத்தலரி, பெயரில் ஈழம் இருந்தாலும் வெப்ப அமெரிக்காவுக்கு உரியது. கெபியின் மேல் படரவிடும் காகிதப்பூ பிரேசிலிலிருந்து வந்தது. பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவரின் உலகப் பயணத்தில், 1767இல், கொமர்சன் என்ற தாவர அறிஞர் அதைச் சேகரித்தார். அவருடைய உதவியாளாக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே என்ற பெண்மணிதான் உலகைக் கடல்வழி சுற்றிய முதற்பெண் என்பர். இவையெல்லாம் நம் மண்ணோடு ஒட்டி வாழப் பழகிவிட்டன. அவற்றை வெறுக்க வேண்டியதில்லை.

வந்தவற்றுள் ஒன்று வேறுவிதம். தென்னமெரிக்கப் புதர்ச்செடி ஒன்றை 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார்கள். தோட்டக்காரர்கள் அதன் பல வகைகளைக் கலந்து, புதுப்புது நிறங்களைத் தோற்றுவித்தார்கள். ஒரே கொத்தில் மஞ்சளாக விரிந்து, பின் இளஞ்சிவப்பாக மாறும் பூக்கள், பார்ப்பதற்கு இனியவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக அது வந்தது. அங்கிருந்து வெள்ளைக்காரர் பங்களாக்களின் வேலியாயிற்று. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காடெங்கும் தூவின. அதுதான் லாண்டானா, நம் ஊர்ப்பேச்சில் உண்ணிச்செடி. அழகுக்கென்று தேர்ந்தெடுத்த ஒரு செடி காட்டின் அடித்தளத்தையே மூடிவிட, 2022இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தனிக் கொள்கையே வகுக்க வேண்டியதாயிற்று.

இனி நம் மலைக்கு வருவோம். கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைக் கடந்து சாலை மேலேறினால் வெள்ளிமலை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு அரணாக நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது பெரும்பாலும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி உயரமுடையது. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் மலையாளி மக்கள் இங்கே சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்ந்துவந்தவர்கள். மூன்று கவுண்டர் குடும்பங்களின் ஜாகீராக இருந்த மலை 1976இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது.

இம்மலையின் செடிகளை அறிவியல் முறையில் முழுமையாகப் பதிவு செய்தவர் ஓர் இயேசு சபைக் குரு என்பதை நம் வாசகர்களில் பலர் அறியார். கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் குருத்துவக் கல்லூரியில் பிரெஞ்சு இயேசு சபையினர் வளர்த்த தாவர மரபு ஒன்று உண்டு. அருட்தந்தை ஆங்லாத் பழனி மலைப் பூக்களை வண்ணச் சித்திரங்களாகத் தீட்டினார். அருட்தந்தை ரப்பினா ஆயிரக்கணக்கில் செடிகளை உலர்த்திச் சேகரித்தார். ரப்பினாவின் பெயரால் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் உலர்தாவரக் காப்பகம் ஒன்றை நிறுவியவர் அருட்தந்தை கே.எம். மேத்யூ. அவரும் அவருடைய குழுவினரும் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று மலைமலையாக ஏறி இறங்கித் தொகுத்த தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவர நூல் 1981 முதல் 1983 வரை பல தொகுதிகளாக வெளிவந்தது. களத்துக்குக் கையில் எடுத்துச் செல்லத்தக்க ஒரு நூலையும் 1991இல் தந்தார். 2004இல் அவர் மறைந்தார். குருத்துவப் பணிக்குச் செடி எதற்கு என்று கேட்போர் அன்றும் இருந்திருப்பர். ஆதாம் தோட்டத்தில் செய்த முதல் அறிவுப்பணி பெயரிடுதல்தானே!

அந்நூலின் உயிர்நாடி 'திறவுகோல்' எனப்படும் பகுதி. ஒவ்வொரு படியிலும் இரண்டே வாய்ப்புகள்: இது, அல்லது அது. இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறிமாறியா? தனியிலையா, கூட்டிலையா? கிள்ளினால் பால் வருகிறதா? விடையைத் தேர்ந்து அடுத்த படிக்குப் போக வேண்டும். இறுதியில் ஒரு பெயர் நிற்கும். இதைக் கண்டதும் நமக்குக் குருமடத்தின் தருக்க வகுப்பு நினைவுக்கு வந்தது. பொருளைப் பொதுவினமும் சிறப்பு வேற்றுமையும் கொண்டு வகுத்துக்கொண்டே போகும் போர்ஃபிரியின் மரத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவார்கள். நாங்கள் கொட்டாவி விடுவோம். அந்த மரம் மெய்யாகவே மரங்களுக்குப் பயன்படும் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் கூடுதலாகச் சில மதிப்பெண்கள் பெற்றிருப்போம்.

நூலையும் ஒரு உருப்பெருக்கியையும் வைத்துக்கொண்டு, வண்டியில் வந்த செடிகளோடு மூன்று மாலைகளைக் கழித்தோம். வேதியரின் மகளும் கூட இருந்தாள். அவள் கண் நம் கண்ணைவிடக் கூர்மை. முதலில் தோற்றது 'அசோகா'. மெய்யான அசோகத்துக்குக் கூட்டிலை. செம்மஞ்சள் பூங்கொத்துகள் முதிர்ந்த கிளைகளிலேயே பூக்கும். நம்மிடம் இருந்ததோ அலைவிளிம்புத் தனியிலை. ஆகவே அது நெட்டிலிங்கம். நாட்டின் பாதிப் பள்ளிக்கூடங்களில் அசோகம் என்று நின்றுகொண்டிருப்பது இதுதான். மருந்துக்கடையில் அசோகப் பட்டையோடு இதன் பட்டை கலப்பதும் இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் எளிதாகிறது. அடுத்து அரளி. ஒரு கணுவில் மும்மூன்று இலைகளாக இருந்தது செவ்வரளி. இலைகள் ஒவ்வொன்றாகத் தண்டைச் சுற்றியிருக்க, கிள்ளியதும் வெண்பால் வடிந்தது பொன்னரளி. நம் பழைய பகையாளியை இம்முறை பெயரோடு சந்தித்தோம். இரண்டுமே நஞ்சுடையவை, மறைக்கல்விப் பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்தில் இரண்டுக்கும் இடமில்லை என்று ஒதுக்கினோம்.

கடைசியாகப் பன்னிரண்டு பைகள் எஞ்சின. குட்டையான, அடர்ந்து பூத்த, ஊதாவும் மஞ்சளும் கலந்த அழகிய செடிகள். பீடத்தின் முன்பக்கத்துக்கு இவையே ஏற்றவை என்று அன்பியத்துப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். நாம் திறவுகோலில் பாதி தூரம் கூடப் போகவில்லை. மலையிலிருந்து கடுக்காய் விற்க வந்த முதியவர் ஒருவர் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். பைகளைப் பார்த்தார், ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார்.

"இத எதுக்குச் சாமி கொண்டாந்து வச்சிருக்கீங்க? எங்க மேய்ச்சக் காட்டத் தின்னது இதுதானே."

சதுரத் தண்டு, சொரசொரப்பான எதிரெதிர் இலை, கசக்கினால் காரமான வாடை. உண்ணிச்செடியேதான், பண்ணையில் குட்டையாக்கி, நிறம் கூட்டி விற்கிறார்கள். அதைத் தின்னும் மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகும். நமக்கு நூலும் உருப்பெருக்கியும் தேவைப்பட்டன. அவருக்கு இரண்டு விரலும் மூக்கும் போதுமாயிருந்தன.

அவரை உட்கார வைத்து, "அப்படியானால் எதை வைக்கலாம், பெரியவரே?" என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, கொன்றை, மந்தாரை, புரசு, வெட்பாலை, கோங்கு என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் நம் மலைச்சரிவில் மழைநீரை மட்டும் குடித்து நிற்பவை. எது சுவரோரம் ஆகும், எது ஆகாது, எதற்குக் கல்மண் போதும், எது காற்றில் முறியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டோம். பண்ணையில் இவற்றைக் கேட்டபோது கொன்றையும் மந்தாரையும் மட்டும் கிடைத்தன. கோங்கைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். நூலில் அதன் லத்தீன் பெயரின் இரண்டாம் சொல் 'ரெலிஜியோஸம்', அதாவது சமயத்துக்குரியது. நம் அரைகுறை லத்தீன் ஒருவழியாகப் பயன்பட்டது.

கோங்கு, மாசி பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, வெறுங்கிளைகளின் நுனியில் பெரிய பொன்னிறப் பூக்களை ஏந்தி நிற்கும். புரசும் அதே பருவம். பீடத்தில் பூ வைக்காத தவக்காலத்தில்தான் இரண்டும் பூக்கும்; வழிபாட்டுக் குழுவினர் இதற்கென்ன சொல்வார்களோ தெரியாது.

முதியவர் அடுத்த முறை வந்தபோது ஒரு துணிமுடிச்சில் பஞ்சோடு கோங்க விதைகள் கொண்டுவந்தார். விலை வாங்க மறுத்துவிட்டார். இருபது போட்டோம், மூன்று முளைத்திருக்கின்றன. அவை பூக்கும் காலத்தில் நாம் வேறெந்தப் பங்கிலிருப்போமோ. அடுத்து வரும் சாமியாருக்காக ஒவ்வொரு கன்றின் அருகிலும் பெயரும் நட்ட நாளும் எழுதிய தகடு ஒன்றைச் செருகி வைத்திருக்கிறோம். பன்னிரண்டு பைகளையும் வேரோடு எரித்தாயிற்று. பீடத்தின் முன்பக்கம் இப்போதைக்கு வெறும் மண்தான்.