அருகில் உட்கார்ந்து கற்ற தொழில்

தமிழ்த் திரையுலகில் படத்தொகுப்பு நெடுங்காலம் பள்ளிப் பாடமாக இருந்ததில்லை. எடிட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் படத்தை எங்கே நிறுத்துகிறார், எங்கே வெட்டுகிறார் என்று வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய தொழில் அது. இன்று அதே தொழிலை ஸ்ரீபெரும்புதூர் விடுதி அறை ஒன்றில் கைபேசியைப் பார்த்துக் கற்க முடிகிறது. இந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

முதலில் வந்தவருக்குப் பக்கத்தில் உட்கார ஆளே இல்லை. மோட்டார் உதிரிபாக வியாபாரியான ஆர். நடராஜ முதலியார், புனேயில் ஸ்டுவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைப் பழகிக்கொண்டு சென்னைக்குத் திரும்பி, 1910-களின் பிற்பகுதியில் ‘கீசகவதம்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். இயக்கம், ஒளிப்பதிவு, தொகுப்பு எல்லாம் அவரே. மௌனப் படத்தில் ஒலியோடு பொருத்தும் வேலை இல்லாததால் ஒருவரே எல்லாவற்றையும் தாங்க முடிந்தது. பேசும்படம் வந்த 1931-க்குப் பிறகு நிலைமை மாறியது. படம் ஒரு சுருளிலும் ஒலி இன்னொரு சுருளிலும் வந்தன. உதடும் சொல்லும் ஒரு ஃபிரேம்கூடப் பிசகாமல் சேர வேண்டும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை சென்ட்ரல் ஸ்டூடியோ, சென்னை ஜெமினி, ஏவிஎம் போன்ற இடங்களில் எடிட்டிங் தனிப் பிரிவாக வளர்ந்தது இந்தத் தேவையால்தான்.

அந்த அறையின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதால் ஒரு நிமிடப் படம் 90 அடி நீளம். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம் ஓடும். 1924-ல் அமெரிக்காவில் ஐவன் செரூரியர் உருவாக்கிய மூவியோலா இயந்திரத்தில், எடுத்தபடியே வெட்டாமல் வரும் ரஷ் பிரிண்டை ஓட்டி, சிறிய திரையில் பார்த்து, வெட்ட வேண்டிய ஃபிரேமில் மெழுகுப் பென்சிலால் கோடு போடுவார் எடிட்டர். உதவியாளர் அந்த இடத்தில் வெட்டி, ஓரத்தின் பூச்சைச் சுரண்டி, சிமெண்ட் தடவி, ஸ்ப்ளைசரில் அழுத்தி ஒட்டுவார். ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டினால் ஃபிரேம் போய்விடும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே மனத்துக்குள் வெட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. நான்கு ஃபிரேம் என்றால் மூன்று அங்குலம். அந்த மூன்று அங்குலத் துண்டையும் தூக்கி எறியாமல், எண் பார்த்துத் தொட்டியில் தொங்கவிட வேண்டும். நாளைக்கு எடிட்டர் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பவரே நல்ல உதவியாளர். எந்தத் துண்டைக் கேட்கிறார், எதைக் கேட்பதே இல்லை என்று கவனித்தவருக்குத் தொழில் பிடிபட்டது.

இப்படி உருவானவர்களின் வரிசை நீளமானது. கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையரில் பஞ்சு எடிட்டர். ‘பராசக்தி’யின் (1952) தொகுப்பாளராகப் ‘பஞ்சாபி’ என்ற பெயரில் இருப்பவர் அவரே. அவர்களிடம் உதவி எடிட்டராகச் சேர்ந்தவர் ஏ. பீம்சிங். பிற்காலத்தில் ‘பாசமலர்’ போன்ற படங்களை இயக்கியபோது, அழுகைக் காட்சியை எவ்வளவு நேரம் நீட்டலாம் என்ற அளவு அவருக்கு மேசையிலிருந்தே வந்திருக்க வேண்டும். பீம்சிங்கின் மகன் பி. லெனினும் எடிட்டரானார். வி.டி. விஜயனோடு சேர்ந்து அவர் தொகுத்த ‘காதலன்’ 1994-ம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றது. இருவரிடமும் உதவியாளராக இருந்த கிஷோர், ‘ஆடுகளம்’ படத்துக்குத் தேசிய விருது வாங்கினார்; 2015-ல் இளம் வயதில் காலமான பின் ‘விசாரணை’க்காக மீண்டும் அவருக்கே விருது அறிவிக்கப்பட்டது. பஞ்சுவிலிருந்து கிஷோர் வரை அறுபது ஆண்டுகள் கைமாறி வந்த இந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. எடிட்டிங் அறை இயக்குநர்களையும் தந்தது. கே. சங்கர், எம்.ஏ. திருமுகம், எஸ்.பி. முத்துராமன் மூவரும் அங்கிருந்து கிளம்பியவர்களே.

இந்த முறைக்கு ஒரு கொடுமையான பக்கமும் உண்டு. தெரிந்தவர் இல்லாமல் அறைக்குள் நுழைய முடியாது. நுழைந்தாலும் டைட்டிலில் பெயர் வரப் பல ஆண்டுகள் ஆகும். பெண்கள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது மிக அரிது. இந்தக் கதவை ஓரளவு திறந்தவை அரசுப் பயிற்சி நிறுவனங்கள். புனே திரைப்பட நிறுவனம் 1960-ல் தொடங்கியது. சென்னை தரமணியில் இப்போது எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்பு தனிப் படிப்பாகவே இருக்கிறது. இடங்கள் குறைவு என்பதுதான் குறை.

தொலைக்காட்சி வேறொரு பழக்கத்தைக் கொண்டுவந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975-ல் தொடங்கியது. வீடியோ டேப்பில் துண்டை வெட்டி ஒட்டுவது கிடையாது. ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஷாட் ஷாட்டாக நகலெடுக்க வேண்டும். நடுவில் ஒரு ஷாட்டின் நீளத்தை மாற்றினால் அதற்குப் பிறகுள்ள அத்தனையையும் திரும்பச் செய்ய வேண்டும். கணினி இந்தத் தளையை அறுத்தது. ஆவிட் நிறுவனத்தின் மென்பொருள் 1989-ல் வெளிவந்தது; இந்தியாவில் அதை முதலில் பயன்படுத்திய படமாகக் கமல்ஹாசனின் ‘மகாநதி’ (1994) பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. துண்டு தேடும் வேலை கணினிக்குப் போனது. அதோடு, எடிட்டர் அருகில் நாள் முழுக்க உதவியாளர் இருக்க வேண்டிய காரணமும் போயிற்று. உதவியாளர்கள் இரவில் தனியாக உட்கார்ந்து ஃபைல்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினர். மென்பொருளின் விலை அப்போது சாதாரண மாணவருக்கு எட்டாததாக இருந்தது.

விலை சரிந்தபோதுதான் இணையம் வாத்தியாராக மாறியது. யூடியூப் 2005-ல் வந்தது. டாவின்சி ரிசால்வ் மென்பொருளுக்கு 2011-ல் இலவசப் பதிப்பு வந்தது. இதே காலத்தில் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி நிகழ்ச்சி, மென்பொருள் துறையிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜ் போன்றவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்தே வந்த அல்போன்ஸ் புத்திரன் தன் ‘நேரம்’, ‘பிரேமம்’ படங்களைத் தானே தொகுத்தார்.

கருவி கற்றுத்தரும் காணொலிகள் தமிழிலேயே இப்போது ஏராளம். தொகுப்பைப் பற்றிச் சிந்திக்க வைக்கும் தளங்கள் குறைவு. அவற்றில் இரண்டு முக்கியமானவை. 2005-ல் யூரி சிவியன் தொடங்கிய சினிமெட்ரிக்ஸ் தளத்தில், படம் ஓடும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தட்டு தட்டினால் ஷாட்டின் சராசரி நீளத்தை அதுவே கணக்கிட்டு வரைபடமாகத் தரும். 2013-ல் தொடங்கிய இந்தியன்சினி.மா தளம் பழைய இந்தியப் படங்களை நீண்ட பட்டையாக விரித்துக் காட்டுகிறது. எங்கே ஷாட் மாறுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஒரு பழைய படத்தை இப்படி விரித்து, பாட்டில் எத்தனை வெட்டு, வசனத்தில் எத்தனை வெட்டு என்று எண்ணிப் பார்க்கும் மாணவர், பத்து மென்பொருள் பாடங்களில் கிடைக்காததைப் பெறுவார்.

ஸ்ரீபெரும்புதூர் இந்த வரலாற்றில் நுழைவது கருவியின் வழியாக. 2006-ல் தொடங்கி 2014-ல் மூடப்பட்ட நோக்கியா ஆலை இங்கே கோடிக்கணக்கில் கைபேசிகளைச் செய்தது. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. படம் எடுக்கவும் வெட்டவும் ஒலி சேர்க்கவும் வெளியிடவும் அந்த ஒரே கருவி போதும். சற்றுத் தள்ளி, பெங்களூர் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் அருகே, ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் பெரிய படங்களுக்கு அரங்கம் போடுகிறார்கள். ஷிப்ட் முடிந்து அறைக்கு வரும் ஓர் இளைஞர், மூவியோலா காலத்து உதவியாளர் ஐந்தாண்டில் தொட்ட கருவிகளை ஐந்து நாளில் கையாளப் பழகிவிட முடியும்.

அவருக்குக் கிடைக்காதது ரஷ், அதாவது வெட்டுவதற்கு முன்பு எடுத்தவை எல்லாம். முடிந்த படம் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மட்டுமே காட்டும். எட்டு டேக்கில் ஏன் ஐந்தாவது, அழகான ஷாட்டை ஏன் எறிந்தார்கள் என்பதெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள். தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் வெளியான படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியின் ரஷ் முழுவதையும், ஸ்கிரிப்டும் கிளாப் விவரமும் சேர்த்து, மாணவர்களுக்கு இணையத்தில் திறந்துவிட வேண்டும். அந்த ஃபைல்கள் ஏற்கெனவே ஹார்டு டிஸ்க்குகளில் கிடக்கின்றன.