மரக்காணத்து உப்பளங்களும் அளவைக் கருவிகளும்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் மரக்காணத்தை அடுத்துள்ள எக்கியார்குப்பம் மீனவர் வாழும் ஊர். அதைச் சூழ்ந்த வட்டாரத்தில் கழுவேலி என்னும் பெரும் ஈரநிலத்தின் நீர் இடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலைச் சேர்கிறது. அந்தத் தாழ்நிலத்தை ஒட்டி மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில் தொடங்கி, அடுத்த மழைக்கு முன்பு வரை வெயிலையும் காற்றையுமே எரிபொருளாகக் கொண்டு இயங்கும் இந்தப் பரப்பு, கொதிகலனும் புகைபோக்கியும் இல்லாத காரணத்தால் ஆலை என்று எளிதில் கருதப்படுவதில்லை. ஆயினும் வெப்பமும் ஆவியழுத்தமும் அடர்த்தியும் எந்த வேதி ஆலையையும் ஆள்வதைப் போலவே இதையும் ஆள்கின்றன. அவற்றை அளக்கும் கருவிகள் இக்கரைக்கு எவ்வாறு வந்தன, யாருடைய தேவைக்காக வந்தன என்பது தமிழகத் தொழில் வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத பகுதியாகும்.

ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் அளவைக் கருவிகள் பெருகியது நீராவியின் காலத்தில்தான். 1714இல் ஃபாரன்ஹீட் நம்பத்தகுந்த பாதரச வெப்பமானியை உருவாக்கியிருந்தார். 1849இல் பிரான்சு நாட்டு யூஜீன் பூர்தோன், தட்டையாக்கி வளைத்த உலோகக் குழல் உள்ளழுத்தம் கூடும்போது நிமிர முயல்வதைப் பயன்படுத்தி, அந்த அசைவால் முள்ளை நகர்த்தும் அழுத்தமானியைச் செய்தார். இன்றும் உலகின் பெரும்பாலான கொதிகலன்களின் மீது காணப்படும் வட்டமுகக் கருவி அந்த அமைப்பின் வழிவந்ததே. உப்புக் காய்ச்சும் தொழிலும் இவற்றைக் கைக்கொண்டது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1887இல் தொடங்கப்பட்ட வெற்றிடக் கலன் முறையில், காற்றை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்த மூடிய கலனில் உப்புநீர் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கவைக்கப்படுவதால், அழுத்தமானியும் வெப்பமானியும் இல்லாமல் அந்தக் கலனை ஒரு மணி நேரம்கூட நடத்த இயலாது. மரக்காணம் போன்ற வெயில் உப்பளங்களுக்கோ இவை இரண்டையும்விட நெருக்கமான கருவி வேறொன்று: நீரில் நிமிர்ந்து மிதந்து, தான் அமிழும் ஆழத்தைக் கொண்டு நீரின் அடர்த்தியைச் சொல்லும் திரவமானி.

பாரிசு நகர மருந்தாளர் அந்துவான் போமே 1768இல் வகுத்த அளவுகோலே உப்பளங்களில் வழங்குகிறது. தூய நீரில் கருவி நிற்கும் இடத்தைச் சுழியம் என்றும், நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடை சமையல் உப்பு கரைந்த நீரில் நிற்கும் இடத்தைப் பதினைந்து என்றும் குறித்து, இடைப்பட்ட தூரத்தைச் சமமாகப் பிரித்து, அதே அளவில் மேலும் நீட்டிச் சென்றார் அவர். பிற்காலத்தில் அமிலம், சர்க்கரைப் பாகு, சாயம் எனப் பல தொழில்களுக்கும் பரவிய இந்த அளவுகோல் பிறந்ததே உப்புக் கரைசலில் என்பதால், உப்பளத்தில் அது தன் சொந்த வீட்டில் இருப்பதாகவே கொள்ளலாம். கடல்நீர் இதில் சுமார் மூன்றரை டிகிரி காட்டும். நீர்த்தேக்கத்திலிருந்து பாத்திக்குப் பாத்தி மாற்றப்பட்டு வற்றிவரும் நீரில் முதலில் சுண்ணாம்புப் பொருளும், ஏறத்தாழ பதின்மூன்று டிகிரிக்கு மேல் ஜிப்சமும் படிகின்றன. இருபத்தைந்தரை டிகிரியை எட்டும்போது தொடக்கத்தில் இருந்த கடல்நீரின் கொள்ளளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்க, சமையல் உப்பு மணி கட்டத் தொடங்குகிறது. இருபத்தொன்பது, முப்பது டிகிரிக்கு வந்ததும் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். அதற்குமேல் விட்டுவைத்தால் மெக்னீசிய உப்புகள் கலந்து விளைச்சல் கசக்கும், கசியும்.

இந்தக் கசிவுக்கான காரணம் ஆவியழுத்தத்தில், அதாவது நீர்ப்பரப்பிலிருந்து எழும் நீராவி தரும் அழுத்தத்தில் இருக்கிறது. சமையல் உப்பு முழுமையாகக் கரைந்து நிறைந்த நீரின் ஆவியழுத்தம் அதே வெப்பநிலையில் உள்ள தூய நீரினதில் நான்கில் மூன்று பங்கே என்பதால், நீரும் காற்றும் ஒத்த வெப்பத்தில் இருக்கையில் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் பாத்தி வற்றுவது நின்றுபோகிறது. மெக்னீசியம் குளோரைடுக்கு அந்த எல்லை 33 விழுக்காடு மட்டுமே. கடற்கரைக் காற்று அந்த அளவுக்கு உலர்வது மிக அரிது என்பதால், அது கலந்த உப்பு மூட்டையில் கிடந்தாலும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே டிகிரி பார்த்து நீரை மாற்றுவது விளைச்சலின் தரத்தையும் விலையையும் ஒருங்கே தீர்மானிக்கும் செயல்.

கருவி வருவதற்கு முன்பு இந்தக் கணிப்பு கண்ணையும் நாக்கையும் நம்பியிருந்தது. நீர் செம்மை படர்வதும், பரப்பில் மெல்லிய ஏடு போல் படிகம் மிதப்பதும், காலில் படும் தரையின் உறைப்பும் அளத்தில் பழகியவருக்கு அளவுகளே. சீனத்து உப்பளங்களில் தாமரை விதைகளை மிதக்கவிட்டு உப்புநீரின் வலிமையைக் கண்டனர். தமிழக உழவரிடையே உப்பு கரைத்த நீரில் முட்டை மிதக்கும் பதம் பார்த்து, அதில் விதைநெல்லைக் கொட்டிப் பதரை நீக்கும் முறை இன்றும் வேளாண் துறையால் பரிந்துரைக்கப்படுகிறது. கருத்தளவில் இவை அனைத்தும் திரவமானிகளே.

மரக்காணக் கரையில் உப்பு விளைச்சல் மிகப் பழமையானது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் அளங்களைப் பற்றியும் பேசுகின்றன. இருப்பினும் அரசின் அளவைக் கருவி இக்கரையில் முழு அதிகாரத்தோடு நுழைந்தது 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிய பின்னர்தான். விளைவித்தவர் அதை அரசுக்கே விற்க வேண்டும், அரசு நிர்ணயித்த விலையிலேயே மக்கள் வாங்க வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டில், உப்பை அளந்த அலகு கரிசை. நானூறு மரக்கால் கொண்ட இந்தப் பேரளவு உப்புக் கணக்கில் 120 மணங்கு, அதாவது ஏறத்தாழ நாலரை டன் எடைக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. தெற்கே மிக அருகில் இருந்த புதுச்சேரியில் விளையும் உப்பு தன் வருவாயைக் கெடுக்கும் என்று அஞ்சிய ஆங்கிலேய அரசு, 1815இலும் 1818இலும் பிரெஞ்சு அரசோடு ஒப்பந்தம் செய்து, ஆண்டுதோறும் பணம் கொடுத்து அங்கே உப்பு விளைவதையே நிறுத்தியது. சென்னையிலிருந்து தெற்கே நீட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணமாக அமைந்ததால் உப்புப் படகுகளுக்கும் நேர்வழி கிடைத்தது. இத்தனை ஏற்பாடுகளிலும் அளக்கப்பட்டது அளத்துக்கு வெளியே குவிந்த உப்பே அன்றிப் பாத்தியில் நின்ற நீர் அன்று. குவியலின் மீது முத்திரையும் காவலும் இருந்தன. பாத்தியின் தரம் உப்பு விளைவிப்பவரின் கண்ணறிவுக்கே விடப்பட்டிருந்தது.

ஆங்கிலேய அரசு திரவமானியின் அருமையை அறியாமல் இருந்ததாகச் சொல்ல முடியாது. பார்த்தலோமியூ சைக்ஸ் வடிவமைத்த சாராயத் திரவமானி 1816இல் பிரிட்டிஷ் சட்டத்தில் இடம்பெற்று, பின்னர் இந்தியாவின் கலால் அலுவலகங்களுக்கும் வந்தது. மெத்தையிட்ட சிறு பெட்டியினுள் பித்தளை மிதவை ஒன்றும், அதன் தண்டில் மாட்டுவதற்கான ஒன்பது எடைக்கட்டிகளும், ஒரு வெப்பமானியும் அடங்கியிருக்கும். சாராயத்தில் மிதவை காட்டும் எண்ணையும் வெப்பமானி காட்டும் எண்ணையும் குறித்துக்கொண்டு, அச்சிட்ட அட்டவணையில் இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தேடி, சாராயத்தின் வலிமையைக் கண்டு வரி விதித்தனர். வெப்பம் கூடினால் திரவம் விரிந்து அடர்த்தி குறையும் என்பதால், வெப்பமானி இல்லாத திரவமானியின் சொல்லை வரித்துறை ஒருபோதும் ஏற்கவில்லை. 1886இல் சென்னை ஆப்காரி (கலால்) சட்டமும் 1889இல் சென்னை உப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. சென்னை மாகாணத்தில் உப்பும் சாராயமும் ஒரே துறையின் பொறுப்பில் இருந்தன. அந்தத் துறை சாராயத்துக்குக் காட்டிய நுணுக்கத்தை உப்புநீருக்குக் காட்டவில்லை என்பதில் வியப்பில்லை. வரி உப்பின் எடை மீதே விழுந்ததால், நீரின் அடர்த்தியால் கருவூலத்துக்கு ஆவது ஒன்றுமில்லை.

அந்தப் புறக்கணிப்பின் விளைவை எண்களால் காட்டலாம். போமே அளவுகோல் இன்று பெரும்பாலும் 15.6 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு ஏற்பக் குறிக்கப்படுகிறது. மரக்காணத்தில் அத்தகைய குளிர் மார்கழி விடியலிலும் அரிது. சித்திரை நண்பகலில் 40 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பாத்தி நீரில் அதே கருவியை மிதக்கவிட்டால், விரிந்து இலேசான நீரில் அது கூடுதலாக அமிழ்ந்து, உண்மையான அளவைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி குறைத்துச் சொல்லும். இருபத்தெட்டரை என்று படித்து இன்னும் அவகாசம் உண்டு என எண்ணிக் காத்திருப்பவரின் பாத்தியில் நீர் இருபத்தொன்பதரையைத் தொட்டிருக்கக்கூடும். காலையில் ஒரு பாத்தியிலும் நண்பகலில் மற்றொன்றிலும் எடுத்த எண்களை ஒப்பிடுவதிலும் இதே பிழை உண்டு. கடைகளில் கிடைக்கும் சாதாரண போமே குழலோடு வெப்பமானி சேர்ந்து வருவதில்லை. சைக்ஸின் பெட்டியில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்த துணைக்கருவி, உப்பு விளைவிப்பவரின் கையில் கிடைக்கும் கருவியில் இன்றும் இல்லை.

சாராயத் திரவமானியின் வரலாற்றுக்கும் இந்தக் கரையில் துயரமான ஒரு தொடர்ச்சி உண்டு. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சு உயிர்களைப் பறித்தது. உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும் மெத்தனால், ஆலைகளில் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் பயன்படுவது. அதன் ஒப்படர்த்தி 0.79, குடிக்கும் சாராயத்தில் உள்ள எத்தனாலின் ஒப்படர்த்தியும் 0.79தான். திரவமானியை மிதக்கவிட்டால் இரண்டும் வலிமையான சாராயமாகவே தோன்றும். தூய நிலையில் மெத்தனால் 64.7 டிகிரி செல்சியஸிலும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிப்பதால் வெப்பமானி அவற்றைப் பிரித்தறியும். நீரும் இரண்டு சாராயங்களும் கலந்த நிலையில் அந்த வழியும் உறுதியற்றதாகி, கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பு ஆய்வகமே தேவைப்படுகிறது. வலிமையை அளந்து வரி வாங்கும் கருவியைச் சிற்றூர் வரை கொண்டுவந்த ஆட்சிமுறை, நஞ்சைக் காணும் சோதனையை அதே தொலைவுக்குக் கொண்டுவரவில்லை. இறந்தவர்கள் அன்றாட உழைப்பால் வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை இந்த வரலாற்றை எழுதும் எவரும் விட்டுவிடக் கூடாது.

1947 ஏப்ரல் முதல் நாளில் உப்பு வரி நீங்கியது. 1954இல் குஜராத்தின் பாவ்நகரில் மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டு, பாத்தி நீரின் அடர்த்தியைக் கட்டுப்படுத்தி உப்பின் தூய்மையை உயர்த்தும் முறைகள் ஆராயப்பட்டன. காஸ்டிக் சோடா ஆலைகளுக்குச் செல்லும் உப்பில் மெக்னீசியமும் கால்சியமும் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்ற தேவை, அரசு ஆணைகளைவிட விரைவாகத் திரவமானியை அளங்களுக்குள் கொண்டுவந்தது எனலாம். அந்த ஆலைகளில் உப்புநீரின் அடர்த்தியும் வெப்பமும் அழுத்தமும் தானியங்கிக் கருவிகளால் நொடிக்கு நொடி பதிவாகின்றன. அதே உப்பு பிறந்த பாத்தியில் கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு நின்று வாருபவருக்கு ஒரு வெப்பமானிகூட இல்லை.

மரக்காணத்து அளங்கள் ஒவ்வொன்றிலும் திரவமானியோடு ஒரு வெப்பமானியும், நம் கரையின் வெப்பத்துக்கேற்பத் திருத்திய தமிழ் அட்டவணை ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். அவற்றைப் படிக்கும் பயிற்சி குத்தகைதாரரோடு நின்றுவிடாமல், உப்பு வாரும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் கிடைக்க வேண்டும். இதற்கான செலவு சிறிது; உப்புத்துறையும் மாவட்ட நிர்வாகமும் அடுத்த தை மாதத்துக்கு முன்பே இதைச் செய்து முடிக்கலாம்.