ஏலத்தில் ஒரு சீடரின் முகம்

ஏலம் என்னும் சொல் ஊவா மலைநாட்டு மக்களுக்குப் புதியதன்று. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் கொய்யப்படும் கொழுந்து, தேயிலையாகிக் கொழும்புக்குச் சென்று ஏலத்தில் விலைபோகின்றது. 1883ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வேலத்தில், ஆடி ஆவணிக் காற்றில் மணமேறிய ஊவாத் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு. அங்கே தோட்டத்தின் பெயர் கூறப்படும். கொழுந்து கொய்தவரின் பெயர் கூறப்படுவதில்லை. பெயரை வைத்து விலை மதிக்கும் இவ்வழக்கம் சமயச் சித்திரங்களுக்கும் உண்டு.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் திகதி, இலண்டன் சொதபீஸ் ஏல நிலையத்தில் ஒற்றைத் தாளொன்று விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது, மென்மையான கரிய கல்லால் தீட்டப்பட்ட ஓர் இளம் சீடரின் தலை. வரைந்தவர் இத்தாலிய ஓவியர் ரபாயேல். ஒன்றரைக் கோடி பவுண் வரை போகலாம் என்று கணிக்கப்பட்ட அத்தாள், ஏறத்தாழ 2 கோடியே 97 இலட்சம் பவுணுக்கு விலைபோயிற்று.

இத்தாள் விற்பனைக்காக வரையப்பட்டதன்று. 'மறுரூபம்' என்னும் பெரும் படத்திற்குத் துணையாக வரையப்பட்டது. அப்படத்தின் மேற்பகுதியில் இயேசு ஒளிவடிவாய்த் தோன்றுகின்றார். கீழே, நோயுற்ற சிறுவனைக் குணமாக்க இயலாது சீடர்கள் திகைக்கின்றனர். அவர்களுள் ஒருவரின் முகமே இது. முழு அளவு வரைபடத்தின் கோடுகளை ஊசியால் துளைத்து, கரித்தூளைத் தட்டினால், அடியிலுள்ள தாளில் புள்ளிகள் விழும். அப்புள்ளிகளைத் தொடர்ந்து ஓவியர் முகத்தை நுணுக்கமாக வரைந்தார். வாசலில் முதலில் புள்ளியிட்டுப் பின்னர் கோடிழுக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும்.

ரபாயேல் 1520இல், தமது 37ஆம் வயதில் மறைந்தார். படத்தை 1797இல் பிரெஞ்சுக்காரர் பரிசுக்குக் கொண்டு சென்றனர். நெப்போலியன் வீழ்ந்தபின் அது உரோமாபுரிக்கு மீண்டது. இன்று வத்திக்கானில் உள்ளது. துணைத்தாளோ 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன்சயர் கோமகன் குடும்பத்தின் சேகரிப்பை அடைந்தது. அச்செல்வர்கள் பேணியிராவிடில், பட்டறைக் கழிவாய் அது அழிந்திருக்கவும் கூடும். விலை கொடுத்து வாங்கியோர் கலைக்குச் செய்த நன்மை இது; மறுப்பதற்கில்லை.

எனினும் அவ்விலை கைத்திறனுக்கும் பெயருக்கும் உரியது; பக்திக்கு உரியதன்று. தோட்டத்து லயத்தின் சுவரில் மாட்டிய முருகன் படம் எந்த ஏலத்திலும் பெருவிலை பெறாது. வரைந்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் அதன் முன்னே விளக்கு ஏற்றப்படுகின்றது. உழைத்துத் திரும்பியோர் அங்கே கைகூப்புகின்றனர். சமயச் சித்திரம் எதற்காகத் தோன்றியதோ, அப்பணியை அந்த மலிவான அச்சுப்படம் நிறைவேற்றுகின்றது.