ஏற்றுமதி எழுத்தில் இணைச்சொற்கள்

ஒரே பொருள் தருவனபோல் தோன்றும் சொற்களைப் பிரித்தறிவது தமிழ் இலக்கணத்துக்குப் பழகிய வேலை. ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கு ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என மூன்று சொற்கள் உண்டு. தாழ்ந்தோன் கேட்கையில் ‘ஈ’ என்பான், ஒத்தோன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான் என்று தொல்காப்பியத்தின் எச்சவியல் வரையறுக்கிறது. ஆங்கிலத்தில் இவ்வகை ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற நூல் ஃபவுலர் 1926-இல் வெளியிட்ட வழக்கு அகராதி.

மண்ணரையிலும் திருப்பூரின் பிற பகுதிகளிலும் பனியன் தொழிலில் இருப்போருக்கு இந்த ஆராய்ச்சி நேராகப் பயன்படும். ஆர்டர் தாள், தரச் சோதனை அறிக்கை, வங்கி தரும் எல்.சி. (கடனுறுதிக் கடிதம்) ஆகியவை ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அவற்றில் இரண்டு சொற்களுள் எது நிற்கிறது என்பதைப் பொறுத்துச் சரக்கு ஏறும், அல்லது தேங்கும்.

கம்பெனிக்குள்

யார்ன், த்ரெட் இரண்டையும் நாம் நூல் என்றே சொல்கிறோம். நிட்டிங் மெஷினில் ஓடித் துணியாவது யார்ன். அதைக் கவுண்ட் பார்த்துக் கிலோ கணக்கில் வாங்குகிறோம். தையல் மெஷினில் ஏறுவது த்ரெட். அது கோனில் மீட்டர் கணக்கில் வருகிறது. ‘நூல் அறுகிறது’ என்று பையருக்கு எழுதும்போது இந்த வேறுபாடு முக்கியம். யார்ன் அறுந்தால் துணியில் ஓட்டை விழும். காரணத்தை நூற்பாலையிலோ நிட்டிங்கிலோ தேட வேண்டும். த்ரெட் அறுந்தால் தையல் பிரியும். ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களைப் பார்க்க வேண்டும். சொல் தவறினால் பொறுப்பும் தவறான இடத்துக்குப் போய்விடும்.

அலவன்ஸ், டாலரன்ஸ் என்ற இணை இன்னும் நுட்பமானது. துணி துவைத்தால் சுருங்கும், தையலுக்குள் கொஞ்சம் மடிந்து போகும் என்று கணக்கிட்டு, கட்டிங்குக்கு முன்பே நாம் கூட்டி வைக்கும் அளவு அலவன்ஸ். தைத்து முடித்த ஆடை, குறித்த அளவிலிருந்து எவ்வளவு விலகினால் பையர் பொறுத்துக்கொள்வார் என்பது டாலரன்ஸ். மார்பகலம் 52 செ.மீ., டாலரன்ஸ் 1 செ.மீ. என்றால் 51 முதல் 53 வரை ஏற்கப்படும். அதற்காகத் துணியை மிச்சப்படுத்த எண்ணி 51-ஐ இலக்காக வைத்து வெட்டக் கூடாது. கையாலும் மெஷினாலும் நேரும் இயல்பான ஏற்ற இறக்கத்துக்காக விட்ட இடம் அது. அதை வெட்டும்போதே செலவழித்தால், தைக்கும்போது மீதம் ஒன்றும் இராது.

செக்கிங் மேசைக்கு வந்தால் டிஃபெக்ட், டிஃபெக்டிவ் என்ற இணை காத்திருக்கிறது. முன்னது குறை, பின்னது குறையுள்ள பீஸ். ஒரே டி-சர்ட்டில் எண்ணெய்க் கறை, ஓட்டை, விட்டுப்போன தையல் மூன்றும் இருந்தால் குறை மூன்று, குறையுள்ள பீஸ் ஒன்றுதான். ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணைப்படி 3,000 பீஸ் கொண்ட லாட்டுக்கு, வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில் 125 பீஸ் எடுப்பார்கள். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்றால் 7 வரை ஏற்பு. 8 ஆனால் நிராகரிப்பு. 6 பீஸ்களில் 9 குறைகள் இருந்தன என வைத்துக்கொள்வோம். பீஸை எண்ணினால் லாட் தேறும், குறையை எண்ணினால் தேறாது. இரு வகை எண்ணிக்கைக்கும் அந்தத் தரநிலையில் இடம் உண்டு. பையர் எதை எண்ணுகிறார் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுத் தெளிவது நல்லது.

வங்கிக் காகிதத்தில்

எல்.சி.க்கான விதிகளைப் பாரிஸில் உள்ள பன்னாட்டு வணிகக் கழகம் வகுத்திருக்கிறது. யு.சி.பி. 600 எனப்படும் இன்றைய வடிவம் 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவு சின்னஞ்சிறு சொற்களுக்கு எல்லை கட்டுகிறது. ஷிப்மென்ட் காலத்தைக் குறிக்கையில் ஃப்ரம், அன்டில் ஆகியவை குறித்த நாளையும் சேர்த்துக்கொள்ளும். ஆஃப்டர், பிஃபோர் ஆகியவை அந்த நாளை விலக்கும். ‘அன்டில் மார்ச் 31’ என்றால் 31-ஆம் தேதியும் சரக்கு ஏற்றலாம். ‘பிஃபோர் மார்ச் 31’ என்றால் 30-ஆம் தேதியோடு கெடு முடிந்தது. ஆனால் பணம் தரவேண்டிய நாளைக் கணக்கிடும் இடத்தில் ஃப்ரம், ஆஃப்டர் இரண்டுமே குறித்த நாளை விலக்குகின்றன. ஷிப்மென்ட் வரியில் வேறாக நின்ற இரு சொற்கள் பண வரியில் ஒன்றாகிவிடுகின்றன. அகராதியை மட்டும் புரட்டி இதை அறிய முடியாது.

முப்பதாம் பிரிவில் அபௌட் என்ற சொல் வருகிறது. அளவுக்கு முன்னால் அது இருந்தால் 10 சதவீதம் கூடவோ குறையவோ அனுப்பலாம். ‘அபௌட் 10,000 பீஸ்’ என்றால் 9,000 முதல் 11,000 வரை சரி. தொகைக்கு முன்னாலும் அச்சொல் இல்லையென்றால், கூடுதல் பீஸுக்குக் குறித்த தொகைக்கு மேல் பணம் வாராது. அபௌட் இல்லாத எல்.சி.யில் எடையாலோ நீளத்தாலோ அளக்கும் சரக்குக்கு 5 சதவீத நெகிழ்வு உண்டு. பீஸ் கணக்குக்கு அதுவும் இல்லை. எனவே துணி அனுப்புபவருக்குக் கிடைக்கும் சலுகை ஆடை அனுப்புபவருக்குக் கிடைப்பதில்லை.

கடிதத்தில்

நம் ‘சந்தேகம்’ இரண்டு வேலை செய்யும். தெரியாததைக் கேட்பதும் சந்தேகம், நம்பாமல் இருப்பதும் சந்தேகம். அதே பழக்கத்தில் மெர்சண்டைசர் ‘உங்கள் அளவுப் பட்டியலில் டவுட் இருக்கிறது’ என்று எழுதுகிறார். லண்டனில் படிப்பவருக்கு அது அவநம்பிக்கையாகத் தோன்றலாம். க்வெஸ்சன் என்று எழுதினால் கேள்வி கேள்வியாகவே போய்ச் சேரும். ‘பதில் தருகிறோம்’ என்னும் பொருளில் இந்திய அலுவலகங்களில் வழங்கும் ரிவர்ட் என்ற சொல்லுக்கு, ஆங்கிலேயர் பொதுவாகக் கொள்ளும் பொருள் ‘பழைய நிலைக்குத் திரும்புதல்’. நிறத்தை மாற்றும் பேச்சு நடக்கும்போது அச்சொல்லை எழுதினால், பழைய நிறத்துக்கே போகிறோம் என்று அவர் நினைக்கக்கூடும். ரிப்ளை என்பது தெளிவு.

இவற்றைக் கற்கப் பெரிய பட்டம் வேண்டியதில்லை. செக்கிங் மேசையில் நாள்தோறும் குறைகளைப் பிரித்தறியும் தொழிலாளிக்குச் சொற்களைப் பிரித்தறிவது எட்டாத வித்தை ஆகாது. பயிற்சி தரும் ஒவ்வொரு நிறுவனமும், பள்ளி மேல்வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் இந்த இணைகளை உண்மையான ஆர்டர் தாளோடும் எல்.சி.யோடும் வைத்துக் கற்பிக்க வேண்டும். கையெழுத்திடும் முதலாளி மட்டுமன்றி, தைப்பவரும் சரிபார்ப்பவரும் அந்தத் தாளைப் படித்துணர வேண்டும். தம் உழைப்புக்கு என்ன நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறிவது அவர்கள் உரிமை.