விளியே பெயரான வரலாறு: ‘ஹேமிஷ்’

ஸ்காட்லாந்தில் ஆண்மக்களுக்கு இடப்பெறும் ‘ஹேமிஷ்’ என்னும் பெயர், எழுவாயினின்றன்றி விளியினின்று தோன்றியதாகும். ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் இதன் எழுவாய் வடிவம் ‘ஷேமஸ்’; எபிரேய ‘யாக்கோபு’, கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு வழியே ‘ஜேம்ஸ்’ எனத் திரிந்து அம்மொழியை அடைந்த வடிவம் அது. விவிலிய மரபு மூலப்பெயரைக் ‘குதிகால்’ என்னும் சொல்லோடு இயைத்துப் பொருள் கூறும்.

தமிழில் விளியேற்கும் பெயர் ஈற்றிலோ ஈற்றயலிலோ திரியும். ‘நம்பி’, ‘நம்பீ’ ஆகும். கேலிக்கில் முதலெழுத்தும் திரியும். ‘அ’ என்னும் விளியிடைச்சொல் முன்வர, முதல் ஷகரம் ஹகரமாக மெலியும். ஆண்பாற் பெயராதலின் இறுதி ஸகரம் ஷகரமாகும். இவ்வாறு ‘ஷேமஸ்’ என்பது ‘அ ஹேமிஷ்’ ஆயிற்று. செவியில் விழுந்த இவ்விளியையே ஆங்கிலம் பெயராகக் கொண்டது. வால்டர் ஸ்காட் 1827இல் வெளியிட்ட ‘தி ஹைலேண்ட் விடோ’ கதையில் கைம்பெண்ணின் மகன் பெயர் ஹேமிஷ். ‘மாரி’ என்னும் பெண்பெயரின் விளியான ‘வாரி’யும் இவ்வாறே தனிப்பெயராயிற்று.

கேலிக் மூலத்தில் கூற்றில் ‘ஷேமஸ்’ எனவும் உரையாடலில் ‘அ ஹேமிஷ்’ எனவும் வருபவன் ஒருவனே. இரண்டையும் ஒலிபெயர்த்து வைப்பின் தமிழ் வாசகர் இருவரெனக் கொள்வர். அங்கு ‘ஷேமஸே’ என்பதே பொருந்தும். ஆங்கில மூலத்திலோ ‘ஹேமிஷ்’ முழுப்பெயர். அதனை ‘ஹேமிஷே’ என மீண்டும் விளித்தல் வழுவன்று.