பீரங்கிச் சத்தமும் பிச்சாவரத்து நாயும்

கடலூரை ஒட்டி குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர் இருக்கிறது. குண்டு சாலை என்று ஒரு ரோடும் உண்டு. இந்தக் "குண்டு" எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1690-ல் நடந்த ஒரு நில வியாபாரத்தைச் சொல்வார்கள். அந்த வருஷம் தேவனாம்பட்டினம் கோட்டையை, செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் இராஜாராமிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் உண்டு என்று ஒப்பந்தம். எவ்வளவு நிலம்? அதை அளக்கச் சங்கிலி பிடிக்கவில்லை. கோட்டையில் ஒரு பெரிய பீரங்கியை வைத்து, திசைக்கொரு குண்டாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம் வரைக்கும் கம்பெனிக்கு. கடலூர் நகரமே அப்படித்தான் கை மாறியது.

இந்தக் கதையை எல்லாரும் நில வரலாறாகத்தான் படிப்போம். நான் சமீபத்தில் திரும்பப் படித்தபோது வேறொரு கேள்வி வந்தது. அன்றைக்கு அந்த ஊர்களில் இருந்த ஆடு, மாடு, நாயெல்லாம் என்ன பாடு பட்டிருக்கும்?

இந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் எங்க வீட்டு மணி. பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் வளரும் நாட்டு நாய். பாம்பைப் பார்த்தால் முன்னால் போய் நிற்கும். ஆனால் ஒரு லட்சுமி வெடி போதும், உடம்பெல்லாம் நடுங்கி, எச்சில் வழிய, கட்டிலுக்கு அடியில் மண்ணைத் தோண்ட ஆரம்பித்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன் தீபாவளி அன்று கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. இங்கே காடு என்றால் சுரபுன்னைக் காடு. தண்ணீர் ஏறினால் நிற்க இடம் இருக்காது, இறங்கினால் முழங்கால் வரைக்கும் சேறு. போதாததற்குத் தில்லை மரம் வேறு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மறுநாள் சாயங்காலம் ஒரு படகுக்காரர், சேற்றுத் திட்டில் படுத்துக் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

தெருவில் எல்லாரும் சொன்னது ஒரே வைத்தியம்தான்: "கட்டிப் போட்டு நாலு வெடி பக்கத்துல வெடிங்க, பழகிடும்." பழகுமா? நான் படித்தது பி.இ., பார்ப்பது மென்பொருள் வேலை. வரலாறு எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதனால் இந்தக் கேள்விக்கு மனிதர்கள் இதுவரை என்ன பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

சத்தத்தோடு வாழ்ந்த கரை

தீபாவளி வெடிக்கு முன்னாலேயே இந்தக் கரை நிறையச் சத்தம் கேட்டிருக்கிறது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினம் கோட்டையை முற்றுகையிட்டார். ஜூன் 2-ம் தேதி கோட்டை விழுந்தது. 1783 ஜூனில் கடலூருக்குள் பிரெஞ்சுப் படை, வெளியே ஆங்கிலப் படை. அதே மாதம் 20-ம் தேதி கடலில் இரண்டு நாட்டுக் கப்பல்களும் மோதின.

பிச்சாவரத்துக்கு ரொம்பப் பக்கம் என்றால் 1781. ஜூன் 18 அன்று ஐயர் கூட், ஹைதர் அலியின் ஆட்கள் காவலில் இருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கி, முடியாமல் திரும்பினார். ஜூலை 1 அன்று வெள்ளாற்றுக்கு வடக்கே பரங்கிப்பேட்டைப் போர். பிச்சாவரம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். அன்றைக்கு இங்கே இருந்தவர்களுக்கு நாள் முழுக்கப் பீரங்கிச் சத்தம்தான்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு விவரம் உண்டு. ஹைதரின் பீரங்கிகளை இழுத்தவை அமிர்த மகால் மாடுகள். மைசூர் அரசு தனித் துறையே வைத்து வளர்த்த இனம். சிதம்பரத்தைக் காப்பாற்ற அந்த மாடுகளோடு ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் வந்தார் என்பது மைசூர் மாடுகளைப் பற்றிய பழைய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நூறு மைல் என்றால் சுமார் 160 கிலோமீட்டர். அந்த வேகம் எல்லாருக்கும் ஆச்சரியம். எனக்கு இன்னொன்றும் ஆச்சரியம்: பீரங்கி இழுக்கிற மாடு பீரங்கிச் சத்தத்துக்கு மிரண்டால் என்ன ஆகும்? வண்டி கவிழும், படையே நிற்கும். ஆக, மிருகத்தின் பயம் என்பது செல்லப் பிராணி வளர்ப்பவர்களின் கவலை மட்டும் இல்லை. படை நடத்தியவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அதனால்தான் இதைப் பற்றிய மிகப் பழைய அறிவுரையும் ஒரு படைவீரரிடமிருந்தே கிடைக்கிறது. கிரேக்கரான செனபோன், சுமார் 2,400 வருஷத்துக்கு முன் குதிரை வளர்ப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். குதிரை எதையாவது பார்த்து மிரண்டால் அடிக்காதே என்கிறார். அடித்தால் பயம் கூடும், ஏனென்றால் அந்த வலிக்கும் அந்தப் பொருள்தான் காரணம் என்று குதிரை நினைத்துக்கொள்ளும். நீயே போய் அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டு, பிறகு குதிரையை மெதுவாகக் கிட்டே கூட்டிப் போ. "நாலு வெடி வெடிங்க, பழகிடும்" கட்சிக்கு முதல் எதிர்க்கட்சி இவர்தான்.

போர்க்களத்திலிருந்து தெருவுக்கு

வெடிமருந்து கொண்டாட்டத்துக்கு வந்ததும் பழைய கதைதான். 1443-ல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் வாண வேடிக்கை பார்த்ததாக எழுதியிருக்கிறார். இந்திய வாண வேடிக்கையின் வரலாற்றைத் தொகுத்த பி.கே. கோடே இதையெல்லாம் விவரமாகக் காட்டியிருக்கிறார். ஆனால் அது அரசன் செலவில், ஒரு இடத்தில், ஒரு விழாவில் நடப்பது. வீட்டுக்கு வீடு வெடி என்பது நேற்றைய சமாச்சாரம். 1923-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அந்தத் தொழிலின் மேல்தான் பிறகு பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வாசலும் ஒரு சின்ன பீரங்கி மேடை ஆனது.

எங்க பக்கம் இதில் இன்னொரு சிக்கல். தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழை நேரத்தில். வெடியும் இடியும் ஒரே மாதம். வெடிக்குப் பயந்த நாய் அடுத்த வாரம் இடிக்கும் பயப்படும். அப்புறம் குக்கர் விசில், பைக் சத்தம், கதவு அடிப்பது என்று பட்டியல் நீளும். மணிக்கு இப்போது மேகம் கறுத்தாலே நடுக்கம்.

பயம் எப்படிப் பரவுகிறது, எப்படிக் குறைகிறது

இது ஏன் இப்படிப் பரவுகிறது என்பதைப் போன நூற்றாண்டில் ஆய்வகங்களில் பார்த்தார்கள். 1920-ல் அமெரிக்காவில் ஜான் வாட்சனும் ரோசாலி ரேனரும் ஒரு கைக்குழந்தையை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். குழந்தை வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். கொஞ்ச நாளில் எலியைப் பார்த்தாலே அழுகை. பிறகு முயல், நாய், கம்பளிக் கோட்டு எல்லாவற்றுக்கும் அழுகை. இன்றைக்கு யாரும் அனுமதிக்கமாட்டார்கள், அவ்வளவு கொடூரம். ஆனால் தெரியவந்தது இது: திடீர்ச் சத்தம் பக்கத்தில் இருப்பதையெல்லாம் பயமாக மாற்றிவிடும்.

1924 செப்டம்பர் 23 அன்று லெனின்கிராடில் பெருவெள்ளம். பாவ்லவின் ஆய்வக நாய்கள் கூண்டுகளில் இருந்தன. ஆட்கள் வந்து, தண்ணீருக்குள் நீந்த வைத்துத்தான் காப்பாற்றினார்கள். நாய்கள் உடம்பில் காயமில்லாமல் தப்பின, ஆனால் சிலவற்றுக்குப் பழக்கிய பாடமெல்லாம் மறந்துபோயிற்று. அதில் ஒரு நாய்க்குப் பாடம் திரும்பி வந்தது எப்படித் தெரியுமா? பழகிய ஆய்வாளர் அதே அறையில் கூட உட்கார்ந்தபோது. அவருடைய சட்டைத் துணியின் வாசனை கூட உதவியது. பல வாரம் கழித்து, தேறிய பிறகு, கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் ஓட விட்டார்கள். பழைய நடுக்கம் அப்படியே திரும்பி வந்தது.

2004 சுனாமிக்குப் பிறகு எங்க கரையில் அலைச் சத்தம் கொஞ்சம் மாறினாலே எழுந்து உட்கார்ந்த பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு, பாவ்லவின் நாயைப் புரிந்துகொள்ள விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அதே 1924-ல் மருந்தும் கிடைத்தது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனைச் சாப்பிட உட்கார வைத்து, முயலை அறையின் அந்தக் கோடியில் வைத்தார். பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடும் தூரத்திலேயே வைத்து, நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டு வந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். போரில் மனம் உடைந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி, 1958-ல் இதையே முறையான சிகிச்சையாகப் புத்தகத்தில் எழுதினார். 1974-ல் அமெரிக்காவில் டூபர், ஹாதர்சால், வாய்த் மூவரும், இடிக்குப் பயந்த நாய்க்கு இடிச் சத்தத்தின் ஒலிப்பதிவை மிகக் குறைந்த ஒலியில் தொடங்கிப் பழக்கியதை ஒரு உளவியல் இதழில் எழுதினார்கள். செனபோன் சொன்னதுதான், ஒலிப்பெருக்கியோடு.

நாய்க்காரருக்கு இதில் என்ன இருக்கிறது

நாய் கிட்டத்தட்ட 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு 20,000 தான், வயசானால் அதுவும் இல்லை. அதனால் "இதுக்கெல்லாமா பயப்படறது" என்று நம் காதை வைத்து முடிவு செய்யக் கூடாது. 2013-ல் வெளியான பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வில், என் நாய்க்குச் சத்தப் பயம் உண்டு என்று சொன்ன உரிமையாளர்கள் 25 சதவீதம். அறிகுறிகளைக் குறிப்பிட்டுக் கேட்டபோது ஏறக்குறைய 49 சதவீதம். நடுக்கம், மூச்சிரைப்பு, ஒளிந்துகொள்வது, ஆளை விட்டு நகராமல் இருப்பது எல்லாம் பயம்தான். பாதிப் பேர் கண்ணில் அது படுவதில்லை.

2020-ல் வந்த ஸ்டெஃபனி ரீமரின் ஆய்வு எனக்கு அதிகம் உதவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் உரிமையாளர்களிடம் எது பலித்தது என்று கேட்டிருக்கிறார். வெடி வெடித்த உடனே நாய்க்குப் பிடித்த தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பலன் கண்டதாகச் சொன்னார்கள். அமைதியாகப் படுக்கப் பழக்கியவர்களில் 69 சதவீதம். ஒலிப்பதிவு வைத்துப் பழக்கியவர்களில் 55 சதவீதம்.

மணிக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஆடி மாதமே தொடங்கினோம். வெடிச் சத்தத்தைச் செல்போனில் இல்லாமல் பெரிய ஸ்பீக்கரில் வைத்தோம், ஏனென்றால் அந்த "தொம்" செல்போனில் வராது. காது அசைந்தால் சரி, உடம்பு அசையக் கூடாது, அந்த அளவு ஒலி. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு கருவாடு. சத்தம் முதலில், கருவாடு பிறகு. வரிசை மாறினால் கருவாட்டைப் பார்த்தாலே பயம் வந்துவிடும். தீனியைத் தொடவில்லை என்றால் ஒலி அதிகம் என்று அர்த்தம், இரண்டு படி இறக்கிவிடுவோம். நடு அறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு ஒரு மூலையை அதற்கென்றே ஒதுக்கினோம். நடுங்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுப்பார்கள். "செல்லம் கொடுத்தா பயம் கூடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். கூட ஆள் இருந்தால் தேறும் என்பதற்குப் பாவ்லவின் நாயே சாட்சி.

ரொம்ப மோசமாக இருக்கும் நாய்க்கு இது மட்டும் போதாது. அதற்கு மருந்து உண்டு. 2015-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் மருந்தைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பழைய சில மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் கட்டிப்போடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். மனிதர் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

போன தீபாவளிக்கு மணி நடுங்கியது. ஆனால் ஓடவில்லை, மூலையில் படுத்துக் கருவாடும் தின்றது.

இன்னொரு பக்கம்

இதுவரை சொன்னது நாயை மாற்றுகிற வழி. சத்தத்தை மாற்றுகிற வழியும் உண்டு, அதுவும் நம்ம ஊரிலேயே. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் கலைந்துவிடும் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. ஊராகச் சேர்ந்து எடுத்த முடிவு, பிள்ளைகளும் அதை மதிக்கிறார்கள்.

சட்டமும் கொஞ்சம் செய்திருக்கிறது. வெடி நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999-ல் வந்த விதி. 2018-ல் உச்ச நீதிமன்றம் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஆனது. இதை எல்லாரும் மாசுக் கட்டுப்பாடாகத்தான் பார்க்கிறார்கள். நாய் வளர்ப்பவருக்கு இது வேறு மாதிரி உதவும். நேரம் தெரிந்துவிட்டால் ஐந்தரைக்குள் வெளியே கூட்டிப் போய் வரலாம், ஆறுக்குள் கதவைச் சாத்தலாம், அந்த ஒரு மணி நேரம் கூட உட்காரலாம். எப்போது வரும் என்றே தெரியாத வெடிக்குத்தான் எந்த ஏற்பாடும் செய்ய முடியாது.

பிச்சாவரம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மழைக்காலத்தில் இங்கேயும் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும். வரும் தீபாவளிக்கு எங்க தெருவில் நாலு வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்: சரவெடி வேண்டாம், மத்தாப்பும் புஸ்வாணமும் போதும், வெடிப்பதென்றால் காட்டுப் பக்கம் இல்லாமல் ரோட்டுப் பக்கம், சொன்ன நேரத்துக்குள். நாலு வீடு பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் மணி படுத்திருக்கும் மூலைக்கு மிகப் பக்கத்தில் இருப்பவை அந்த நாலு வீடுகள்தான்.